கூமுட்டை ஏன் உண்டாகிறது?

அடைக்கு வைத்த முட்டைகள் பன்னிரண்டு. பொரித்த குஞ்சுகள் எட்டு. மீதி நான்கும் கூமுட்டை. கோழி வளர்க்கும் வீடுகளில் இந்தக் கணக்கை நீங்கள் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். "இந்தத் தடவை நாலு போய்விட்டது" என்று சொல்லிவிட்டு, அவற்றை எடுத்துத் தூர எறிந்துவிடுவார்கள். தவறிக் கீழே விழுந்து உடைந்தால் போதும், தெருவே மூக்கைப் பிடித்துக்கொள்ளும்!

அந்த நான்கு முட்டைகளுக்கு என்ன நேர்ந்தது? சேவலோடு சேராத கோழி இட்ட முட்டையாக இருந்தால் அதில் கரு இராது. கடைகளில் நாம் வாங்கும் பண்ணை முட்டைகள் இத்தகையவை. கரு இருந்தும், அதிக வெப்பத்தாலோ குளிர்ச்சியாலோ அது இறந்திருக்கலாம். மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் ஓட்டைக் கடந்து உள்ளே புகுந்திருக்கலாம். அந்தக் கிருமிகளே முட்டையிலுள்ள புரதங்களைச் சிதைக்கின்றன. அப்புரதங்களில் இருக்கும் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடு வாயுவாக மாறி, அந்தத் தாங்கமுடியாத நாற்றத்தைத் தருகிறது.

கிருமிதான் காரணம் என்றால் முட்டையை நன்றாகக் கழுவி அடைக்கு வைக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். ஆனால் விஷயம் அவ்வளவு எளிதன்று. கழுவத் தெரியாமல் கழுவினால், கழுவாத முட்டையைவிடக் கழுவிய முட்டையே அதிகம் கெட்டுப்போகும்! இதைப் புரிந்துகொள்ள, முதலில் முட்டையின் அமைப்பைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முட்டையும் மூச்சு விடுகிறது

முட்டை ஓடு பார்ப்பதற்குச் சுவர்போலத் தோன்றினாலும் உண்மையில் அது ஒரு சல்லடை. சுமார் 60 கிராம் எடையுள்ள கோழிமுட்டையின் ஓட்டில் ஏறக்குறைய 10,000 நுண்துளைகள் உள்ளன. முட்டைக்கு முட்டை இந்த எண்ணிக்கை கூடும், குறையும். முட்டையின் அகன்ற முனையில் துளைகள் நெருக்கமாக இருக்கும்.

இத்துளைகள் எதற்கு? உள்ளே வளரும் கரு மூச்சு விடுவதற்குத்தான். 21 நாள் அடைகாலத்தில் ஒரு கோழிமுட்டை சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுத்துக்கொள்கிறது. சுமார் 4.5 லிட்டர் கார்பன் டைஆக்சைடையும், 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு பொருள் செய்யும் வேலையைப் பாருங்கள்!

ஆகவே கிருமி வரும் என்று பயந்து இந்தத் துளைகளை அடைத்துவிட முடியாது. அடைத்தால் குஞ்சு மூச்சுத் திணறி இறந்துவிடும். காற்று போகவேண்டும், கிருமி போகக்கூடாது. இதுதான் முட்டையின் முன்னுள்ள சிக்கல். இயற்கை இதற்கு அடுக்கடுக்கான காவல்களை அமைத்திருக்கிறது.

அடுக்கடுக்காகக் காவல்

முதல் காவல், ஓட்டின் மேலுள்ள மெல்லிய பூச்சு. கோழி முட்டையிடும்போது முட்டை ஈரமாகப் பளபளப்பதைப் பார்த்திருப்பீர்கள். சில நிமிடங்களில் அந்த ஈரம் உலர்ந்துவிடும். இப்படி உலரும் பூச்சு பெரும்பாலும் புரதத்தால் ஆனது. அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவே. இது துளைகளின் வாயை மூடிக்கொண்டு, காற்றை விட்டுக் கிருமிகளைத் தடுக்கிறது.

இரண்டாவது காவல், கால்சியம் கார்பனேட்டால் ஆன ஓடு. மூன்றாவது, ஓட்டின் உட்புறம் ஒட்டியிருக்கும் இரண்டு சவ்வுகள். அவித்த முட்டையை உரிக்கும்போது கையோடு வரும் மெல்லிய தோல் இதுதான். இதன் நுண்ணிய இழைகள் வலைபோலப் பின்னிக் கிடந்து கிருமிகளைப் பிடித்து நிறுத்துகின்றன.

நான்காவது காவலாக இருப்பது வெள்ளைக்கரு. இதற்குள் ஒரு மருந்துக்கடையே இருக்கிறது எனலாம். பெனிசிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் பிளெமிங், அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே, 1922இல், 'லைசோசைம்' என்னும் நொதியைப் பற்றி உலகுக்கு அறிவித்தார். நம் கண்ணீரிலும் உமிழ்நீரிலும் உள்ள இந்த நொதி, கோழிமுட்டையின் வெள்ளைக்கருவில் ஏராளமாக உள்ளது. சிலவகைப் பாக்டீரியாக்களின் செல்சுவரை இது கரைத்துவிடும்.

வெள்ளைக்கருவிலுள்ள இன்னொரு புரதம், கிருமிகள் வளரத் தேவையான இரும்பைத் தன்னிடம் கட்டிவைத்துக்கொள்கிறது. மற்றொன்று பயோட்டின் என்னும் வைட்டமினைக் கைப்பற்றிக்கொள்கிறது. உள்ளே புகுந்த கிருமிக்கு வீடு உண்டு, சாப்பாடு இல்லை! அத்துடன், முட்டை இட்ட சில நாட்களில் கார்பன் டைஆக்சைடு வெளியேற வெளியேற, வெள்ளைக்கருவின் காரத்தன்மை கூடுகிறது. அதன் பி.எச். அளவு 7.6 அளவிலிருந்து 9-க்கு மேல் போகிறது. பல கிருமிகளுக்கு இது ஒத்துக்கொள்ளாது.

இத்தனை காவல்களையும் தாண்டி மஞ்சள்கருவை எட்டிவிட்ட கிருமிக்கோ கொண்டாட்டம்தான். அங்கே உணவு நிறைய இருக்கிறது. காவல் இல்லை.

ஆபத்தான நேரம்

இவ்வளவு பாதுகாப்பு இருந்தும் கிருமிகள் எப்போது உள்ளே போகின்றன? பெரும்பாலும் முட்டை இட்ட சிறிது நேரத்துக்குள்ளேயே!

கோழியின் உடல் வெப்பநிலை சுமார் 41 டிகிரி செல்சியஸ். முட்டை வெளியே வரும்போது அதே சூட்டில் இருக்கும். பிறகு ஆறத் தொடங்கும். பொருள்கள் குளிர்ந்தால் சுருங்கும் என்று படித்திருக்கிறீர்கள் அல்லவா? முட்டையின் உட்பொருள் ஓட்டைவிட அதிகமாகச் சுருங்குகிறது. எனவே உள்ளே வெற்றிடம் உண்டாகப் பார்க்கிறது. அதை நிரப்ப, வெளிக்காற்று துளைகள் வழியே உள்ளே இழுக்கப்படுகிறது. அகன்ற முனையில் காணப்படும் காற்றறை இப்படித்தான் உருவாகிறது.

ஓட்டின் மேல் எச்சமும் ஈரமும் ஒட்டியிருந்தால், காற்றோடு சேர்ந்து அந்த ஈரமும், அதிலுள்ள கிருமிகளும் உள்ளே உறிஞ்சப்படும். அந்த நேரத்தில் மேற்பூச்சும் இன்னும் சரியாக உலர்ந்திருக்காது. அதாவது, வாசல் திறந்திருக்கும் நேரத்திலேயே உள்ளே இழுக்கும் விசையும் வேலை செய்கிறது.

கிருமிகள் பெருகும் வேகத்தையும் ஒரு கணக்கில் பார்ப்போம். ஏற்ற சூழலில் சில பாக்டீரியாக்கள் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரியும். காலை 7 மணிக்கு ஒரே ஒரு பாக்டீரியா இருந்தால் பிற்பகல் 2 மணிக்குள் 21 முறை பிரிந்திருக்கும். அப்போதைய எண்ணிக்கை 20,97,152! முட்டை ஓட்டின் மேல் எல்லாச் சமயத்திலும் இவ்வளவு வசதி கிடைக்காது. ஆனாலும், காலையில் இட்ட முட்டையை மாலைவரை கூட்டிலேயே விட்டுவைப்பது ஏன் தவறு என்பது இந்தக் கணக்கிலிருந்து புரியும்.

செய்து பாருங்கள்

ஒரு பாத்திரத்தில் கை பொறுக்கும் அளவுக்கு நல்ல சூடான நீரை எடுத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த முட்டை ஒன்றை அதில் மெதுவாக இறக்குங்கள். ஓட்டிலிருந்து, குறிப்பாக அகன்ற முனையிலிருந்து, சிறுசிறு காற்றுக் குமிழிகள் வருவதைக் காணலாம். உள்ளேயிருக்கும் காற்று சூட்டால் விரிந்து துளைகள் வழியே வெளியேறுகிறது.

இப்போது எதிர்ச் சோதனை. வெதுவெதுப்பான நீரில் கால்மணி நேரம் இருந்த முட்டைகள் இரண்டை, நீல மை கலந்த குளிர்ந்த நீரில் போடுங்கள். குளிர்ந்த முட்டைகள் இரண்டை, மை கலந்த வெதுவெதுப்பான நீரில் போடுங்கள். அரைமணி கழித்து எடுத்துத் துடைத்து உடைத்து, ஓட்டின் உட்புறத்தைப் பாருங்கள். நீலப் புள்ளிகள் எதில் அதிகம்? இரண்டு முட்டைகளைப் பார்த்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வகுப்பில் பலரும் செய்து, எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்கள். சோதனைக்குப் பயன்பட்ட முட்டையைச் சாப்பிடக்கூடாது. கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவிவிடுங்கள்.

கோழியும் பொறியும்

அடைக்கோழி எந்த மருந்தும் தெளிப்பதில்லை. ஆனாலும் பெரும்பாலான முட்டைகள் பொரித்துவிடுகின்றன. கரீபியன் கடலிலுள்ள போர்ட்டோ ரிக்கோ தீவில், காட்டுப் பறவை ஒன்றின் கூடுகளில் நடந்த ஆய்வு 2005இல் வெளியானது. பறவை அடைகாத்த முட்டைகளின் ஓட்டில் பாக்டீரியாக்கள் பெருகவில்லை. அடைகாக்கப்படாமல் ஈரக் காற்றில் கிடந்த முட்டைகளின் மேல் அவை பெருகின. தீங்கு செய்யும் வகைகளும் அதிகமாயின. அடைகாக்கும் பறவையின் சூடு முட்டையின் மேற்பரப்பை உலர்வாக வைத்திருப்பது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது.

பொரிப்பகத்தின் நிலைமை வேறு. கோழியின் கீழ் பத்துப் பன்னிரண்டு முட்டைகள். பொறிக்குள்ளோ பல்லாயிரக்கணக்கில் முட்டைகள். வெப்பநிலை சுமார் 37.5 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரமும் வேண்டும். குஞ்சுக்கு ஏற்ற இந்தச் சூடும் ஈரமும் கிருமிக்கும் ஏற்றவை. காற்றைச் சீராகச் சுழற்றும் விசிறி, கிருமிகளையும் சுழற்றிப் பரப்பும்.

அழுகிய முட்டை ஒன்றினுள் வாயு சேர்ந்துகொண்டே போனால் ஒருநாள் அது பட்டென்று வெடிக்கும். அந்தச் சாறு அண்டை முட்டைகளின் மேலெல்லாம் தெறிக்கும். ஒரு கூமுட்டை ஒரு தட்டையே கெடுத்துவிடும்.

பொரித்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்றும் சொல்ல முடியாது. பொரிப்பதற்குச் சற்று முன்பு, மீதமிருக்கும் மஞ்சள்கரு தொப்புள் வழியாகக் குஞ்சின் வயிற்றுக்குள் இழுத்துக்கொள்ளப்படுகிறது. முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு அதுதான் கட்டுச்சோறு. ஒருநாள் வயதுக் குஞ்சுகளைத் தீனி இல்லாமலே வெளியூருக்கு அனுப்ப முடிவது இதனால்தான். ஆனால் தொப்புள் ஆறுவதற்குமுன் கிருமி புகுந்தால், அந்தக் கட்டுச்சோறே நஞ்சாகிவிடும். குஞ்சின் வயிறு உப்பி, முதல் வாரத்திலேயே இறந்துவிடும். கடன் வாங்கிக் குஞ்சு வாங்கிய சிறு விவசாயிக்கு அந்த ஒரு வாரமே பெரும் இழப்பாகிவிடும். எனவே பொறிக்குள் போகும் முன்பே முட்டையின் மேலுள்ள கிருமிகளைக் குறைத்தாக வேண்டும்.

கழுவலாமா?

இப்போது தொடக்கத்தில் எழுந்த கேள்விக்கு வருவோம். சூடாக இருக்கும் முட்டையைப் பச்சைத் தண்ணீரில் கழுவினால் என்ன ஆகும்? உள்ளிருப்பது சுருங்கும். ஓட்டின் மேலிருந்த கிருமி, தண்ணீரோடு சேர்ந்து உள்ளே போகும். கழுவிய கை சுத்தமாக இருக்கும், முட்டை கெட்டிருக்கும்! ஈரத்துணியால் துடைப்பதும் இதே தீங்கைச் செய்யும். ஒரு முட்டையின் அழுக்கை அதே துணி அடுத்த முட்டைக்குக் கொண்டுபோகும். உப்புத்தாளால் தேய்த்தால் அழுக்கோடு மேற்பூச்சும் போய்விடும். அதாவது, முதல் காவலாளியை நாமே விரட்டிவிடுகிறோம்.

கழுவித்தான் ஆகவேண்டும் என்றால், நீர் முட்டையைவிடச் சூடாக, 40 டிகிரிக்குச் சற்று மேலாக இருக்கவேண்டும். அப்போது முட்டையின் உள்ளிருப்பது விரிந்து வெளிநோக்கித் தள்ளும். நீரில் தகுந்த கிருமிநாசினி வேண்டும். நீரை அடிக்கடி மாற்றவும் வேண்டும். இவற்றில் ஒன்று தவறினாலும் ஆபத்து என்பதால், பல பொரிப்பகங்கள் கோழிமுட்டையைக் கழுவுவதையே தவிர்க்கின்றன.

புகையும் அதன் விலையும்

நீரில்லாமல் கிருமியைக் கொல்ல என்ன வழி? வாயுவைப் பயன்படுத்தலாம். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் பொரிப்பகங்கள் இதற்காக நம்பியிருந்தது ஃபார்மால்டிஹைடு வாயுவை. காற்றுப் புகாத அறையில் முட்டைகளை அடுக்குவார்கள். 100 கன அடி இடத்துக்கு 20 கிராம் பொட்டாசியம் பெர்மாங்கனேட், 40 மில்லி லிட்டர் ஃபார்மலின் என்பது ஓர் அளவு. முட்டைகளுக்குப் பெரும்பாலும் இதைப்போல் மூன்று மடங்கு வைத்து, 20 நிமிடம் புகையூட்டுவார்கள். அறையில் போதிய வெப்பமும் ஈரமும் இருந்தால்தான் வாயு நன்றாக வேலை செய்யும்.

உங்கள் பள்ளியில் தவளையோ பாம்போ ஒரு கண்ணாடிச் சாடியில் மிதக்கிறதா? அது கெடாமல் இருப்பதற்கும் பெரும்பாலும் ஃபார்மலினே காரணம். ஃபார்மால்டிஹைடு புரதங்களை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்கிவிடுகிறது. இறுகிப்போன புரதத்தோடு கிருமி வாழமுடியாது.

ஆனால் புரதம் கிருமியிடம் மட்டுமா இருக்கிறது? கருவிடமும் இருக்கிறது. அடைவைத்த இரண்டாம் நாளிலேயே கருவின் இதயம் துடிக்கத் தொடங்கிவிடும். அந்தச் சமயத்தில் கரு மிகவும் மென்மையானது. எனவே அடைவைத்த 24 மணியிலிருந்து 96 மணி வரை புகையூட்டவே கூடாது என்பது பொரிப்பகங்களின் விதி.

புகையூட்டும் மனிதரிடமும் புரதம் இருக்கிறது. இந்த வாயு கண்ணையும் மூக்கையும் எரிக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை, ஃபார்மால்டிஹைடு மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று 2004இல் முடிவு செய்தது. முட்டையைக் காக்க முயன்ற தொழிலாளி நோயாளி ஆகலாமா? இதனாலேயே மாற்று வழிகள் தேடப்படுகின்றன. இந்தப் புகையூட்டத்தை நீங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒருபோதும் முயன்று பார்க்கக்கூடாது.

மாற்று வழிகளில் ஒன்று ஹைட்ரஜன் பெராக்சைடு. இதை மிக நுண்ணிய பனித்துளியாகத் தெளிக்கிறார்கள். கிருமியைக் கொன்றபின் இது நீராகவும் ஆக்சிஜனாகவும் பிரிந்துவிடும். நஞ்சு மிஞ்சுவதில்லை. மற்றொன்று புற ஊதாக்கதிர். இது கிருமிகளின் மரபுப்பொருளைச் சிதைக்கிறது. ஆனால் ஒளி நேர்க்கோட்டில்தானே செல்லும்? நிழல் விழும் பக்கத்திலும், எச்சம் படிந்த இடத்தின் அடியிலும் கிருமி தப்பிவிடும். ஆகவே முட்டையைச் சுற்றிலும் கதிர் படச் செய்யவேண்டும். ஓசோன் வாயுவையும் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அளவு மிஞ்சினால் அதுவும் கருவைத் தாக்கும். கிருமியைக் கொல்லவேண்டும், கருவைத் தொடக்கூடாது, மேற்பூச்சும் கெடக்கூடாது. இந்த மூன்றையும் ஒருசேரச் செய்யும் மருந்தே சிறந்த மருந்து.

மருந்து எட்டாத இடம்

எந்தக் கிருமிநாசினியும் ஓட்டின் மேல்தான் வேலை செய்யும். உள்ளே போய்விட்ட கிருமியை அதனால் ஒன்றும் செய்யமுடியாது. தாய்க்கோழியின் உடலிலிருந்தே முட்டைக்குள் வரும் கிருமிகளும் உண்டு. புல்லோரம் என்னும் நோயை உண்டாக்கும் சால்மோனெல்லா வகைக் கிருமி அத்தகையது. இந்நோய் தாக்கிய இடங்களில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாக இறந்தன. ஓட்டை எவ்வளவு சுத்தம் செய்தும் பயன் இல்லை. நோயுள்ள தாய்க்கோழிகளை இரத்தச் சோதனையால் கண்டுபிடித்து நீக்குவதே வழி என்று தெரிந்தது. இதற்காகவே அமெரிக்காவில் 1935இல் நாடு தழுவிய திட்டம் ஒன்று தொடங்கப்பட்டு, நல்ல பலன் தந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? கிருமி நீக்கம் என்பது மருந்துப் புட்டியில் தொடங்குவதில்லை. ஆரோக்கியமான தாய்க்கோழியிடம் தொடங்குகிறது. அடுத்தது கூடு. உலர்ந்த உமியோ மரத்தூளோ வைக்கோலோ போட்டு, நனைந்தால் உடனே மாற்றவேண்டும். முட்டைகளை நாளைக்கு மூன்று நான்கு முறையாவது சேகரிக்க வேண்டும். தரையில் இட்ட முட்டை, எச்சம் படிந்த முட்டை, விரிசல் விட்ட முட்டை ஆகியவற்றை அடைக்கு எடுக்காமல் ஒதுக்கிவிட வேண்டும். எடுக்கும் கையும் சுத்தமாக இருக்கவேண்டும். அதன்பிறகே கிருமிநாசினி. அதையும் தாமதமின்றிச் செய்யவேண்டும்.

மருந்து அடித்த முட்டையையும் வியர்க்க விடக்கூடாது. முட்டை வியர்க்குமா? சில்லென்ற தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்புறம் முத்துமுத்தாக நீர் பூக்கிறதே, அதுபோலத்தான். பொரிப்பகங்களில் முட்டையை 15 முதல் 18 டிகிரி குளிரில் சேமிப்பார்கள். அங்கிருந்து நம் ஊர்ப் புழுக்கத்துக்குச் சட்டென்று கொண்டுவந்தால் ஓட்டின் மேல் நீர்த்துளிகள் படியும். கிருமிகளுக்கு மறுபடியும் பாதை கிடைத்துவிடும். ஆகவே சிறிது சிறிதாகச் சூடேற விடவேண்டும்.

வீட்டில் ஒரே ஒரு கோழியை அடைவைப்பவருக்குப் புகையும் வேண்டாம், கதிரும் வேண்டாம். உலர்ந்த கூடு, உடனுக்குடன் சேகரித்தல், அழுக்கு முட்டையைக் கழுவி அடைவைக்காமல் ஒதுக்குதல் ஆகிய இவையே போதும். காவலாளிகளை முட்டை தன்னோடு கொண்டுவந்துவிடுகிறது. அவர்கள் வேலையை நாம் கெடுக்காமல் இருந்தால், அடுத்த முறை பன்னிரண்டில் எட்டு என்பது பத்தாகலாம், பதினொன்றும் ஆகலாம். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ கோழி அடைக்கு உட்காரும்போது, வைத்தது எத்தனை, பொரித்தது எத்தனை என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். கூமுட்டைக் கணக்கு குறைகிறதா என்பதை அந்த நோட்டே சொல்லிவிடும்.